காம்பு வலிக்குக் களிம்பு தேடும் முன்

கேள்வி: எனக்கு வயது 26. தேனி மாவட்டம் கூடலூரில் வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிரசவத்துக்காக வண்டிப்பெரியாறில் எஸ்டேட் லயத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். குழந்தைக்கு இன்றோடு 19 நாள். இரண்டு காம்பிலும் வெடிப்பு. வலது பக்கம் ரத்தமும் கசிகிறது. பால் குடித்து முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டே இருக்கிறேன். குழந்தை வாயை எடுத்ததும் காம்பு வெளுத்து, கொஞ்ச நேரத்தில் நீலம் பாய்ந்து, தீயாய் எரிகிறது. விடியற்காலையில்தான் அதிகம். மருந்துக் கடையில் பூஞ்சை என்று ஒரு களிம்பு கொடுத்தார்கள். ஒரு வாரம் பூசியும் குறையவில்லை. அம்மா நால்பாமராதி தைலம் தடவச் சொல்கிறார். பக்கத்து லயத்து அக்கா, மார்பில் மல்லிகைப்பூ கட்டிக்கொண்டு இரண்டு நாள் புட்டிப்பால் கொடு என்கிறார். என்ன செய்யட்டும்?

கூடலூரில் இன்னும் இருவருக்குத் தொந்தரவு. ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வரும் என் நாத்தனாருக்கு ராத்திரியானால் இரண்டு காம்பைச் சுற்றியும் அரிப்பு. 54 வயதான என் அத்தைக்கு இடது காம்பில் மட்டும் ஐந்து மாதமாகத் தோல் உரிகிறது, சில நாள் நீர் கசிகிறது. ஈரத்தில் நின்று வேலை பார்த்த புண்தான், படர்தாமரைக் களிம்பு போட்டால் அடங்கிவிடும் என்கிறார். அடங்குகிறது, திரும்பவும் வருகிறது.

(பெயர் வேண்டாம்)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் எழுதியிருப்பதுதான் முதலில் கவனிக்க வேண்டியது. அத்தையை இந்த வாரமே அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். ஊரில் இருக்கும் உங்கள் கணவரிடம் இன்றைக்கே பேசிவிடுவது நல்லது.

ஈரத்தாலும் உராய்வாலும் வரும் தோல் புண் பெரும்பாலும் இரண்டு மார்பிலும் வரும். கரப்பான் (எக்ஸிமா) வகைப் புண் வழக்கமாகக் காம்பைச் சுற்றிய கருவட்டத்தில் தொடங்கும், பல நேரம் காம்பைத் தொடவே தொடாது. அத்தைக்கு ஒரு பக்கம் மட்டும், அதுவும் காம்பிலேயே ஐந்து மாதமாக இருக்கிறது. 50 வயதைத் தாண்டியவர்களிடம் இந்த அடையாளங்கள் சேர்ந்து வந்தால் பேஜெட் நோய் இல்லை என்று உறுதிசெய்யாமல் விடக்கூடாது. 1874-ல் ஜேம்ஸ் பேஜெட் என்ற ஆங்கில மருத்துவர் விவரித்தது. பார்வைக்குச் சாதாரணச் சொறி போல இருக்கும், ஆனால் அது மார்பகப் புற்றுநோயின் ஒரு வகை. பால் குழாய்கள் வழியாகப் புற்றணுக்கள் காம்பின் தோலுக்கு ஏறிவருவதால் தோல் சிவந்து உரிகிறது, அரிக்கிறது, கசிகிறது. நாளாக நாளாகக் காம்பு தட்டையாகலாம் அல்லது உள்ளே இழுத்துக்கொள்ளலாம். பெரும்பாலானவர்களுக்கு உள்ளேயும் நோய் இருக்கும். கைக்குக் கட்டி தட்டுப்படாமலும் இருக்கலாம்.

களிம்பில் அடங்கித் திரும்புகிறது என்பதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. நம் கடைகளில் படர்தாமரைக்கென்று விற்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. அது மேலே உள்ள சிவப்பையும் அரிப்பையும் சில நாள் அமுக்கிவைக்கும். நோய் இருந்தால் அடியில் அப்படியே இருக்கும். இப்படி மாதங்கள் கழிந்து வருபவர்கள்தான் அதிகம். களிம்பை இன்றோடு நிறுத்தி, தோலின் நிஜத் தோற்றத்தோடு மருத்துவர் முன் போகட்டும். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பிரிவின் வெளிநோயாளிச் சீட்டு வாங்கினால் போதும். ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, காம்பின் ஓரத்தில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் அளவுக்குத் தோல் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். மேமோகிராமும் எடுக்கச் சொல்வார்கள். மேமோகிராமில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் தோல் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது, ஏனென்றால் தோலில் மட்டும் இருக்கும் நோய் படத்தில் தெரியாமல் போகும். வெறும் கரப்பானாகவும் இருக்கலாம். ஆனால் கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

இனி உங்கள் வலி.

நீங்கள் எழுதியிருப்பதில் பூஞ்சைக்கென்றே உரிய அறிகுறி எதுவும் இல்லை. எரிகிறது என்றதும் பூஞ்சைக் களிம்பு எடுத்துக் கொடுப்பது கடைக்காரர்களின் பழக்கம். பூஞ்சையென்றால் காம்பு மினுமினுப்பான இளஞ்சிவப்பாக இருக்கும், மெல்லிய செதில் உதிரும். குழந்தையின் கன்னத்தின் உள்பக்கத்தில் வெள்ளைத் திட்டு இருக்கும். சுத்தமான ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். துடைத்தால் போவது வெறும் பால் படிவு. ஒட்டிக்கொண்டு, எடுத்த இடம் சிவந்து கசிந்தால் பூஞ்சை. அப்போது தாய்க்கும் குழந்தைக்கும் ஒரே நேரத்தில் மருந்து தர வேண்டும், ஒருவருக்கு மட்டும் தந்தால் மற்றவரிடமிருந்து திரும்ப ஒட்டும். குழந்தை வாயில் அப்படி எதுவும் இல்லையென்றால் அந்தக் களிம்பை எடுத்து வைத்துவிடுங்கள்.

உங்களுக்கு நடப்பது இரண்டு கட்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன். குழந்தை காம்பின் நுனியை மட்டும் கவ்வுகிறது. நுனி அதன் மேலண்ணத்தின் கெட்டியான பாகத்துக்கும் நாக்குக்கும் நடுவில் நசுங்குகிறது, அதனால் வெடிப்பு. நசுங்கிய காம்பின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, வெளுக்கிறது. வண்டிப்பெரியாறின் விடியற்காலைக் குளிர் அதை இன்னும் இறுக்குகிறது. ரத்தம் திரும்பும்போது நீலமும் சிவப்புமாக மாறி எரிகிறது. ஆகவே கவ்வுதலைச் சரிசெய்யாமல் எதைத் தடவினாலும் அடுத்த வேளையே பழைய கதைதான்.

சோதித்துப் பார்க்க எளிய வழி: குழந்தை வாயை எடுத்த நொடியில் காம்பைப் பாருங்கள். உருண்டையாக, கொஞ்சம் நீண்டு வந்தால் சரி. புது உதட்டுச்சாயத்தின் முனை போல ஒரு பக்கம் சரிந்து தட்டையாக வந்தால் கவ்வுதல் ஆழமில்லை. முதல் வாரங்களில் வாய் வைத்தவுடன் அரை நிமிடம், ஒரு நிமிடம் சுருக்கென்று இருப்பது பலருக்கும் உண்டு. முடிகிறவரை வலிப்பது இயல்பல்ல, பொறுத்துக்கொள்ள வேண்டியதும் அல்ல.

சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். மடியில் தலையணை வைத்துக் குழந்தையை மார்பின் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். நீங்கள் குனிந்து மார்பைக் குழந்தை வாய்க்குக் கொண்டுபோனால் எடை கீழே இழுத்துக் காம்பு நழுவி நுனியில் நிற்கும். குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும்; முகம் மட்டும் திரும்பியிருந்தால் அதனால் எளிதாக விழுங்க முடியாது. வலது மார்புக்கு இடது கையால் குழந்தையைத் தாங்குங்கள். உள்ளங்கை தோள்பட்டையில், விரல்கள் காதுக்குக் கீழே கழுத்தில். தலையின் பின்பக்கத்தை அழுத்தாதீர்கள், அழுத்தினால் குழந்தை பின்னால் எக்கும். காம்பைக் குழந்தையின் மூக்குக்கு நேராக வைத்து மேலுதட்டில் தொடுங்கள். கொட்டாவி விடுவது போல வாய் அகலும்வரை காத்திருங்கள். பாதி திறந்தபோது அவசரப்பட்டுத் திணிப்பதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. வாய் நன்றாகத் திறந்ததும் குழந்தையைச் சட்டென்று உங்களிடம் இழுங்கள். முதலில் தாடை மார்பில் பதிய வேண்டும், பிறகு கீழுதடு, கடைசியில் மேலுதடு.

சரியாகப் பிடித்தால் கருவட்டம் மேலே கொஞ்சம் தெரியும், கீழே அதிகம் மறைந்திருக்கும். கீழுதடு வெளியே மடிந்திருக்கும். கன்னம் உப்பியிருக்கும், குழி விழாது. விழுங்கும் சத்தம் கேட்கும், 'டக் டக்' என்ற ஒலி வராது. ஒரு நிமிடத்துக்குப் பிறகும் வலித்தால் இழுத்துப் பிடுங்காமல், கழுவிய சுண்டுவிரலை வாயின் ஓரத்தில் நுழைத்துக் காற்றுப் பிடிப்பை விடுவித்துத் திரும்ப முதலிலிருந்து வையுங்கள். ஒரு வேளைக்கு நான்கைந்து முறை எடுத்து வைக்க வேண்டியிருக்கும். இரண்டு மூன்று நாளில் குழந்தை பழகிவிடும்.

மார்பு பால் கட்டிக் கல்லாக இருந்தால் எந்தக் குழந்தையாலும் ஆழமாகக் கவ்வ முடியாது. அப்போது பால் கொடுக்கும் முன் இரண்டு கை விரல்நுனிகளையும் காம்பின் அடியைச் சுற்றி வைத்து நெஞ்சுக்கூட்டை நோக்கி ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். வீக்கம் உள்ளே தள்ளப்பட்டுக் கருவட்டம் மெத்தென்று ஆகும். உடனே குழந்தையை வையுங்கள்.

குழந்தை அழும்போது நாக்கையும் கவனியுங்கள். நாக்கு கீழ் ஈறைத் தாண்டி வராமல், நுனி நடுவில் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தால் அடிநாக்கு ஒட்டியிருக்கலாம். நீங்கள் எப்படி வைத்தாலும் நுனியிலேயே கவ்வும். குழந்தை மருத்துவர் அதைப் பார்த்து, தேவைப்பட்டால் வெட்டிவிடுவார். நாக்கு ஒட்டியிருக்கும் எல்லாக் குழந்தைக்கும் வெட்டத் தேவையில்லை. பால் குடிப்பதைத் தடுத்தால் மட்டுமே.

வெடிப்பு ஆறுவதற்கு: வலி குறைவான பக்கத்தில் முதலில் கொடுங்கள், பசியின் வேகம் அங்கே தணிந்துவிடும். கொடுத்து முடித்ததும் உங்கள் பாலையே இரண்டு மூன்று சொட்டுப் பிழிந்து தடவுங்கள். அதன்மேல் சுத்திகரித்த லனோலின் களிம்பைப் பயறளவு எடுத்துப் பூசுங்கள். அதைத் துடைக்காமலே அடுத்த வேளை கொடுக்கலாம். லனோலின் கிடைக்கவில்லையென்றால் சுத்தமான தேங்காய் எண்ணெய் மெல்லிசாகப் போதும். தலைக்குத் தேய்க்கும் பாட்டிலில் விரல் விட்டு எடுத்ததாக இருக்கக் கூடாது. சோப்பு, டெட்டால், ஸ்பிரிட் எதுவும் காம்பில் படவேண்டாம். குளிக்கும்போது வெறும் தண்ணீர் பட்டால் போதும்.

காம்பைக் காற்றாடவிடு, வெயிலில் காட்டு என்று சொல்பவர்கள் இருப்பார்கள். உலர்ந்த வெடிப்பு இன்னும் ஆழமாகப் பிளக்கும். அதோடு உங்களுக்குக் குளிர்க்காற்று பட்டால் காம்பு உடனே வெளுக்கும். குழந்தை வாயெடுத்த அடுத்த நொடியே மூடிவிடுங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியையோ, ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் வெதுவெதுப்பான நீர் நிரப்பித் துணியில் சுற்றியோ சில நிமிடம் மேலே வையுங்கள். விடியற்காலை வேளைக்கு ஃபிளாஸ்க்கில் வெந்நீர் படுக்கையருகே இருக்கட்டும். குளித்துவிட்டு ஈரத்தோடு நிற்காதீர்கள். கட்டன்சாயாவும் (பால் சேர்க்காத தேநீர்) காப்பியும் நாளுக்கு ஒன்று இரண்டோடு நிற்கட்டும், வீட்டில் யாரும் பீடி, சிகரெட் குடித்தால் வெளியே போகச் சொல்லுங்கள். கவ்வுதல் சரியாகியும் வெளுப்பது தொடர்ந்தால் மருத்துவர் நிஃபெடிபின் மாத்திரை எழுதித் தருவதுண்டு. அது ரத்த அழுத்த மருந்து. நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள், தலை சுற்றி விழ வாய்ப்புண்டு. வலிக்குப் பாரசிட்டமால் 500 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒன்று என நாளுக்கு நான்கு வரை எடுக்கலாம். பால் கொடுப்பதற்கு அது தடையில்லை.

ரத்தம் குழந்தையின் வயிற்றுக்குள் போய்விடுமே என்ற பயம் வேண்டாம். சில நேரம் கக்கும் பாலில் சிவப்பு தெரியும். தீங்கில்லை. வலது பக்கம் வாய் வைக்கவே முடியாத அளவு வலித்தால் ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள் அந்தப் பக்கத்துக்கு ஓய்வு கொடுங்கள். ஆனால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கையால் பால் எடுத்தே ஆக வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பின் அடியிலிருந்து சுமார் மூன்று சென்டிமீட்டர் தள்ளி எதிரெதிரே இருக்கட்டும். முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு இரு விரலையும் சேர்த்துப் பிதுக்கி விடுங்கள். தோலில் வழுக்கித் தேய்த்தால் புண்தான் மிச்சம். பாலாடையை (மூக்கு வைத்த சிறு கிண்ணம்) தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து எடுத்து, பிழிந்த பாலை அப்படியே அதில் ஊற்றி ஊட்டுங்கள். புட்டி வேண்டாம். ரப்பர் காம்புக்கு வாயை அகலத் திறக்க வேண்டிய தேவையில்லை. அந்தப் பழக்கத்தோடு திரும்பி வந்தால் உங்கள் காம்பின் நுனியைத்தான் தேடும்.

பக்கத்து லயத்து அக்கா சொன்ன மல்லிகைப்பூ, பாலை வற்றவைக்கக் கட்டுவது. குழந்தை தவறிப்போன தாய்மார்களுக்கும் பால் மறக்கடிக்கவும் நம் பக்கத்தில் செய்வார்கள், சுரப்பு நிஜமாகவே குறையும். 19 நாள் குழந்தையின் தாய் அதைச் செய்யக் கூடாது. நால்பாமராதி குழந்தையை எண்ணெய்க் குளியலுக்குத் தேய்க்க நன்றாக இருக்கும். காம்பில் தடவினால் இரண்டு மணி நேரத்தில் குழந்தை வாய்க்குள் போய்விடும், திறந்த புண்ணுக்கும் அது ஏற்றதல்ல. அம்மாவின் மனம் நோகாமல் அதைக் கைகாலுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

கவ்வுதல் சரியானால் வலி இரண்டு மூன்று நாளில் இறங்கும், வெடிப்பு ஒன்றிரண்டு வாரத்தில் மூடும். அதற்குள் மஞ்சள் பொருக்கோ சீழோ தெரிந்தால் அது கிருமித்தொற்று, மருத்துவர் தரும் ஆன்டிபயாடிக் களிம்பு தேவைப்படும். மார்பில் ஒரு பகுதி மட்டும் சிவந்து சூடாகி, 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சலும் குளிர்நடுக்கமும் வந்தால் அன்றைக்கே வண்டிப்பெரியாறு சமூக சுகாதார மையத்துக்குப் போங்கள். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம், மார்பைப் பிசைந்து தேய்க்கவும் வேண்டாம். குழந்தையின் எடையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இந்நேரம் பிறந்த எடையைத் தாண்டியிருக்க வேண்டும், நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும், ஆறு முறைக்குக் குறையாமல் மூத்திரம் போக வேண்டும். கூடலூரின் சுகாதாரச் செவிலியர் எல்லை தாண்டிக் கேரளத்தில் இருக்கும் வண்டிப்பெரியாறுக்கு வரமாட்டார். உங்கள் லயத்துக்கு வரும் ஆஷா பெண்ணிடம் (அரசு சுகாதாரத் திட்டத்தின் களப்பணியாளர்) சொன்னால் எடை பார்க்கவும், பால் கொடுக்கும்போது பக்கத்தில் இருந்து பார்க்கவும் ஏற்பாடு செய்வார். நேரில் பார்க்கும் ஒரு அனுபவசாலியின் கண், இந்தப் பதிலைவிடப் பலமடங்கு உதவும்.

நாத்தனாருக்கு வருகிறேன். பகலில் இல்லாமல் ராத்திரி படுத்தபிறகு கூடும் அரிப்பு, அதுவும் இரண்டு காம்பைச் சுற்றியும் என்றால், விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, தொப்புளைச் சுற்றி இங்கெல்லாம் சிறு கொப்புளமோ கீறல் கோடோ இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அரிக்கிறதா என்றும் கேளுங்கள். ஆம் என்றால் சிரங்குப்பூச்சி. பெண்களுக்கு அது விரும்பி இறங்கும் இடங்களில் காம்பின் கருவட்டம் ஒன்று. பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பு, பெரியவருக்கு ஒரு தடவைக்கு 30 கிராம் டியூப் ஒன்று. ராத்திரி கழுத்திலிருந்து பாதம் வரை, நகத்தடி, விரலிடுக்கு விடாமல் பூசி, 8 முதல் 12 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே ராத்திரியில். ஏழு நாள் கழித்து இன்னொரு முறை. போர்வை, துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும். துவைக்க முடியாததை மூன்று நாளுக்கு மேல் பையில் கட்டிவைத்தால் பூச்சி செத்துவிடும். மருந்துக்குப் பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு மிச்சமிருக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று தினமும் பூசிப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம்.

விரலிடுக்கில் எதுவும் இல்லையென்றால் தோட்டத்து ஈரத்தைச் சந்தேகிக்கலாம். ஏலக்காய் செடியின் அடியில் காய்ப்பதால் நாள் முழுக்கக் குனிந்தே காய் எடுக்கிறார்கள், சாரலில் நனைந்த சட்டை நெஞ்சில் உராய்கிறது. தெளித்த மருந்தும் அந்தத் துணியில் ஏறுகிறது. உள்ளே பருத்தித் துணி, போகும்முன் காம்பில் மெல்லிய வாசலின், திரும்பியதும் முதல் வேலையாகக் குளியல், தோட்டத்துத் துணிக்குத் தனித் துவையல். புதிதாகச் சோப்புத்தூள் மாற்றியிருந்தால் பழையதற்கே திரும்பட்டும். சிவந்திருந்தால் ஹைட்ரோகார்டிசோன் 1 சதவீதக் களிம்பு காலையும் இரவும் ஒரு வாரம், அதற்குமேல் தொடரக் கூடாது. மாதவிலக்குக்கு முந்தைய வாரம் மட்டும் இரண்டு பக்கமும் தொட்டால் வலித்தால் அது ஹார்மோனின் வேலை, விலக்கு வந்ததும் போய்விடும். நாள் தள்ளியும் போயிருந்தால் கர்ப்பச் சோதனை செய்து பார்க்கட்டும். எந்த வயதானாலும் ஒரு பக்கம் மட்டும் தானாக ரத்தம் கசிந்தால், அத்தைக்குச் சொன்ன அதே வாசலுக்குப் போக வேண்டும்.

சிரங்கு என்று உறுதியானால், நீங்கள் குழந்தையோடு கூடலூர் திரும்பும் முன் அந்த வீட்டில் இரண்டாவது பூச்சும் முடிந்திருக்க வேண்டும். பெர்மெத்ரினை இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் பூச முடியாது. நாள் குறிக்கும் முன்பே நாத்தனாரிடம் பேசிவிடுங்கள்.